நான் எய்த ஒரே அம்பு

முள்ஷி ஏரிக்கு மேலே, மலைச்சரிவில், ஒரு காரைப் புதருக்குப் பின்னால் ஒற்றை முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறேன். காலை எட்டு மணி இருக்கும். புல்லில் பனி காயவில்லை. கால்சட்டை நனைந்து முழங்காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பது தப்படி தள்ளி, ஓடைக் கரையில் ஒரு கேளையாடு வந்து நிற்கிறது.

பேரில்தான் ஆடு, அசல் மான். நாயைப் போலக் குரைக்கும். மராத்திக்காரர்கள் பேக்கர் என்பார்கள்.

துப்பாக்கியைத் தோளில் சார்த்திக் குறி பார்க்கிறேன். குழாயின் நுனிக்கு முன்னால் கறுப்பாக ஒரு குச்சி நீட்டிக்கொண்டு மானை மறைக்கிறது. புதரின் கிளை என்று நினைத்து இடப்பக்கம் ஒரு சாண் நகர்கிறேன். குச்சியும் கூடவே நகர்கிறது. வலப்பக்கம் நகர்கிறேன். அதுவும் வருகிறது. சரி, கிளைதானே, குண்டு அதை முறித்துக்கொண்டு போகட்டும் என்று விசையில் விரலை வைக்கிறேன்.

மான் அங்கேயே நிற்கட்டும். அதற்குள் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பத்திரிகைத் தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தபாலில் போடுவதற்கு முன் என் மனைவி ரஞ்சிதத்திடம் படித்துக் காட்டுவது வழக்கம். குடியாத்தத்திலிருந்து பூனாவுக்கு நாங்கள் ரயில் ஏறிய கதையில் புளியோதரை என்று நான் எழுதியிருந்ததை எலுமிச்சம்பழச் சாதம் என்று திருத்தியவள் அவளே. இந்த அத்தியாயத்தை மட்டும் அவளிடம் காட்டவில்லை. ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எழுதி, அங்கிருந்தே தபாலில் சேர்த்துவிட்டேன். அன்று அந்த மலையில் எங்கள் ஒரே மகளுக்கு என்ன நேர இருந்தது என்பது ரஞ்சிதத்துக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று தடவை பார்க்கிறவன்

பூனாவை ஒட்டிய கிர்க்கியில் தோட்டாக்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு எக்ஸாமினர் வேலை என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பழுது உண்டா என்று ஒருவர் பார்த்த தோட்டாவை இன்னொருவர் பார்ப்பார். அவர் பார்த்ததை நான் பார்ப்பேன். மூன்று பேர் கண்ணிலும் தப்பியது என்று ஒன்று இருக்கக் கூடாது.

இந்தப் பழக்கம் என்னோடு சைக்கிளில் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஸ்டவ் அணைந்ததா என்று மூன்று தடவை பார்ப்பேன். கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். சுலோசனா கைக்குழந்தையாக இருந்தபோது, தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூன்றாவது தடவையில் குழந்தை விழித்துக்கொண்டு அழும். அப்புறம் ரஞ்சிதம் விழித்துக்கொள்வாள்.

இப்படிப்பட்டவனுக்கு வேட்டை எதற்கு என்று கேட்கலாம். பலபேர் கேட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்காகத் தோட்டாக்களைத் தொட்டு, அளந்து, நல்லது என்று முத்திரை குத்தி அனுப்பியவன் நான். அவற்றில் ஒன்று வெடித்து நான் பார்த்ததில்லை. அல்வாக் கடைக்காரன் அல்வா தின்னாமலே கிழவனாவது மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம்.

அந்தச் சமயத்தில்தான் பௌட் கிராமத்துத் தலைவரான பாட்டீல் ஒருவர், தம் வீட்டு உத்தரத்தில் தொங்கிய பழைய துப்பாக்கியை எனக்குக் கொடுத்தார். லைசென்ஸ் மாற்றிக்கொண்டேன். துப்பாக்கி என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஒரு நீளக் கோலால் இடித்துக் கெட்டித்து, அதன் மேல் ஈயக் குண்டைப் போட்டு, மறுபடி கெட்டிக்க வேண்டும். பிறகு கோலை உருவி வெளியே வைக்க வேண்டும். கடைசியாக, சுடும் நேரத்தில்தான், சுத்தி மாதிரி அடிக்கிற குதிரைக்குக் கீழே, தீப்பொறி கிளப்பும் கேப் என்கிற சின்ன உலோக மூடியைப் பொருத்த வேண்டும். மராத்தியில் இதற்கு டாஸ்ணி பந்தூக் என்று பேர்.

கெட்டிக்கிற கோலில் அரம் வைத்து மூன்று கோடுகள் போட்டேன். குழாய் காலியாக இருந்தால் ஒரு கோடு, மருந்தும் நாரும் இருந்தால் ஒரு கோடு, குண்டும் சேர்ந்தால் ஒரு கோடு. கோலை உள்ளே விட்டால் எந்தக் கோடு வாயருகே நிற்கிறது என்று பார்த்து, உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம். இதை நான் கண்டுபிடித்ததாகவே அன்று நினைத்திருந்தேன்.

"நீங்க ஒரு குண்டு போடறதுக்குள்ள அந்த மானு கல்யாணம் முடிச்சுப் புள்ளயும் பெத்துடும் எக்ஸாமினர் சார்" என்பார் காதர் பாய்.

காதர் பாய் வாணியம்பாடிக்காரர். பூனா கேம்ப் கடைவீதியில் தோல் சாமான் கடை. எங்களை மலைக்குக் கொண்டுபோகிற ஜீப் அவருடையது. கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. படக் படக் என்று இரண்டு தோட்டா. மான் விழுந்தால் உயிர் போவதற்குள் ஓடிப்போய் முறைப்படி அறுக்க வேண்டும் என்று இடுப்பில் கத்தி வேறு. என்னோடு வந்த வருஷங்களில் அந்தக் கத்தியால் அவர் வெங்காயம்தான் அறுத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷத்தில் டாஸ்ணியால் நான் வீழ்த்தியவை: ஒரு முயல், இரண்டு காட்டுக்கோழி, பாட்டீலின் வைக்கோற்போர்.

தோண்டிபாவின் கட்சி

மலையில் எங்களுக்கு வழி காட்டுகிறவர் தோண்டிபா. தாக்கர் என்னும் மலைச்சாதிக்காரர், என் வயதுதான் இருக்கும். மூங்கில் வில் வைத்திருந்தார். நாணும் மூங்கில் பட்டைதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜீப்பை விட்டு இறங்கியதும், விட்ட இடத்திலிருந்து எங்கள் சண்டை தொடங்கும். அவர் மராத்தி எனக்கு முக்கால்வாசி புரியும். என் மராத்தி அவருக்குக் கால்வாசி புரியும். ஆகவே சண்டை நன்றாக நடந்தது.

என் கட்சி இது. ஒரே ஒரு குண்டு வைத்திருப்பவன் பத்துத் தடவை யோசிப்பான். இரட்டைக் குழல்காரனுக்குக் கவனக்குறைவாக இருக்க இரண்டு வாய்ப்பு. டாஸ்ணிக்காரனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. கெட்டிக்கிற நேரத்தில் மனசு நிதானப்படும். வில்லோ பதினைந்து தப்படிக்குள் போனால்தான் உதவும். அவ்வளவு தூரம் தவழ்ந்துபோனால் என் முழங்கால் சொடுக்கும் சத்தத்திலேயே காடு காலியாகிவிடும்.

தோண்டிபா சிரிப்பார். பதினைந்து தப்படிக்குப் போனவன் மானின் இமை மயிரைக்கூடப் பார்த்துவிடுவான் என்பார். அது ஆணா, பெட்டையா, சினையா, பின்னால் என்ன நிற்கிறது, எல்லாம் தெரிந்துதான் அம்பை விடுவான். தவறினாலும் ஏதோ சுள்ளி விழுந்தது என்று மான் தலையைத் தூக்கிப் பார்க்குமே தவிர ஓடாது. "நீங்க சுட்ட பிறகு மானையா பார்க்கிறீங்க சாகேப்? புகையைத்தானே பார்க்கிறீங்க" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிடுவார்.

கரிமருந்துப் புகையைப் பற்றி அவர் சொன்னது சரிதான். சுட்டால் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு மாதிரி ஆகிவிடும். அழுகிய முட்டை நாற்றம். பத்து எண்ணும்வரை எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் தோண்டிபாவுக்குக் காய்ச்சல் வந்து, எங்கள் தொழிற்சாலை லைன் வீட்டில் நாலு நாள் தங்கி டாக்டரிடம் போய்வந்தார். போகும்போது சுலோசனாவுக்குச் சின்னதாக ஒரு வில் செய்து கொடுத்தார். அவள் அப்போது காலேஜில் முதல் வருஷம். கொல்லைப்புறத்தில் பப்பாளி மரத்தில் சாக்கைக் கட்டி நாளெல்லாம் அடித்தாள். பக்கத்து வீட்டுப் பாவாடை ஒன்று கொடியிலேயே ஓட்டையான பிறகுதான் ரஞ்சிதம் அந்த வில்லை ஒரு மாசம் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

இரண்டு உத்தரவுகள்

நான் முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த வருஷம் என்று சரியாக நினைவில்லை. அணை உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்ததற்கு அப்புறம். தொழிற்சாலையில் ஓவர்டைம் இருந்ததால் சீனச் சண்டைக்கும் பிறகுதான் இருக்க வேண்டும்.

சுலோசனாவை மலைக்கு அழைத்துப் போனது நானல்ல. அனுப்பியது ரஞ்சிதம்.

அவளுக்கு என் துப்பாக்கி பிடிக்காது. திருத்தணி முருகனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்திருந்தாள். என்ன என்று சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் ஓவர்டைம் களைப்பில் நான் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் வெடிமருந்தோடு போகிறானே மனுஷன் என்று அவளுக்குக் கவலை. மகளைக் கூட அனுப்புவது என்று முடிவு செய்தாள்.

டிபன் பையைச் சுலோசனா தோளில் மாட்டிவிட்டு, "அப்பாவப் பத்திரமாப் பாத்துக்க. கண்ண எடுக்காத" என்றாள்.

பிறகு என்னிடம் திரும்பினாள். "இன்னாங்க, பொண்ணு பத்திரம். அது முன்னாடி போனா நீங்க சும்மா இருக்காதீங்க."

இரண்டு பேருக்கும் இரண்டு உத்தரவு. நான் தலையாட்டினேன். சுலோசனா வில்லை எடுத்துக்கொண்டாள்.

மறுபடி அந்தப் புதர்

ஏற்பாடு சுலபமானது. காதர் பாய் கீழே ஜீப்பண்டை டீ போடுவார். தோண்டிபா பள்ளத்திலிருந்து புதர்களைத் தட்டி மானைக் கிளப்பிக்கொண்டு மேலே வருவார். மான் ஓடையோரமாக ஏறிவரும். நான் காரைப் புதரில். சுலோசனா எனக்குப் பின்னால் பத்துத் தப்படியில், ஒரு பாறை நிழலில். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

மருந்தைக் கொட்டினேன். நாரை அடைத்தேன். கோலை விட்டு இடித்துக் கோட்டைப் பார்த்தேன். சரி. திரும்பி மகளைப் பார்த்தேன். மஞ்சள் தாவணி தெரிந்தது. சரி.

திரும்பியதில் சந்தேகம் வந்துவிட்டது. மருந்தை ஒரு தடவை கொட்டினேனா, இரண்டு தடவையா? மறுபடி கோலை விட்டுப் பார்த்தேன். சரி. திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் தாவணி. சரி.

சாதாரணமாக இதோடு விட்டிருப்பேன். கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, மகள் கூட இருக்கிறாள் என்பதால் கூடுதலாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஈயக் குண்டை இடது கையில் எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகக் கோலை உள்ளே விட்டேன். கோட்டைப் பார்க்கக் குனிந்தேன்.

அந்த நேரம் பார்த்து மான் குரைத்தது.

என் கை கேப்பைப் பொருத்தியது. குதிரையை இழுத்தது. எப்படி என்று கேட்டால் தெரியாது. இடது உள்ளங்கையில் ஏதோ உருண்டையாக உறுத்தியது. கல் என்று நினைத்தேன். குழாய்க்கு முன்னால் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. கிளை என்று நினைத்தேன். அன்று கோலை மூன்று தடவை பார்த்தேன். மகளை இரண்டு தடவைதான் பார்த்தேன்.

சுட்டேன்.

புகை. அதற்குள்ளிருந்து மான் குரைத்துக்கொண்டே மலையேறி ஓடுகிற சத்தம். அப்புறம் ட்ர்ர்ர் என்று, தம்பூரா நரம்பைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு அதிர்வு. அது அடங்கியது. பிறகு என் மகளின் குரல், நிதானமாக.

"அப்பா, யாரு அம்பு விட்டது?"

குரல் பின்னாலிருந்து வரவில்லை. முன்னாலிருந்து வந்தது.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புகை கலைய பத்து எண்ண வேண்டும் என்று எழுதினேன் அல்லவா? நான் எண்ணவில்லை. எழுந்து ஓடினேன். ஐம்பது தப்படியில் இரண்டு இடத்தில் விழுந்தேன். ஒரு செருப்பு ஓடையில் போனது.

ஒரு நாவல் மரத்தில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வில் மடியில் கிடந்தது. அவள் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே, மரத்தில் நடுவிரல் ஆழத்துக்குப் பாய்ந்து நின்றது என் கெட்டிக்கிற கோல். மூன்று கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன.

அவள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அரே, இது நம்ம குச்சி இல்ல?" என்றாள்.

அவள் தலையைத் தொட்டேன். தோளைத் தொட்டேன். கையை, காலை, மறுபடி தலையை. மூன்றாவது தடவை தலைக்கு வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ், போதும் அப்பா. ஒண்ணும் ஆகல. உட்காருங்க."

நீ ஏன் எழுந்து வந்தாய் என்று கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது சரியில்லை, கத்தினேன். தோண்டிபா சொன்ன மாதிரி பதினைந்து தப்படிக்குள் போக முடியுமா என்று பார்க்க வந்தாளாம். சுற்றிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டாளாம். மான் அவளுக்கு முன்னால் பன்னிரண்டு தப்படியில் வந்து நின்றதாம். நாணை முழுக்க இழுத்துவிட்டாளாம்.

"அப்புறம் ஏன் விடல?"

"மானுக்குப் பின்னாடி இலைக்குள்ள உங்க தொப்பி தெரிஞ்சுது. அதான் எறக்கிட்டு, சத்தமில்லாம உட்கார்ந்துட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் புடவைக் கடையில் துணி பிடிக்கவில்லை என்று சொன்ன மாதிரி பையைத் திறந்து டிபனைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோதுதான் இடது கையை விரித்தேன். ஈயக் குண்டு உள்ளங்கையில் பதிந்து, சிவப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தது.

தோண்டிபா மேலே வந்து சேர்ந்தார். கோலைப் பார்த்தார். என் கையிலிருந்த குண்டைப் பார்த்தார். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நடந்துபோய் என் புதருக்குப் பின்னால் ஒற்றைக் காலை மடித்து உட்கார்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். திரும்பி வந்து, கோல் நீளம், அதனால் எகிறிவிட்டது என்றார். குண்டாக இருந்திருந்தால் இதோ இங்கே என்று மரத்தைக் காட்ட விரலை நீட்டினார். அந்த இடத்தில் சுலோசனா சாய்ந்திருந்தாள். விரலை மடக்கிக்கொண்டார்.

நடுவில் மான் நின்றதே, அதன் மேல் பட்டிருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். தோண்டிபா கேட்கவில்லை. என் குறி அவருக்குத் தெரியும்.

ஆகக் கணக்கு இதுதான். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தால், கோலை உருவி வைத்து, குண்டைப் போட்டிருந்தால், இந்தத் தொடரை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தவறு, மகளை மூன்றாவது தடவை திரும்பிப் பார்க்காத இன்னொரு தவறிலிருந்து எங்களைக் காப்பாற்றிவிட்டது. இதற்கு எந்தக் கட்டத்தில் முத்திரை குத்துவது என்று எங்கள் தொழிற்சாலைப் படிவத்தில் இடமில்லை.

கீழே காதர் பாய் கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "பத்து வருசமா வில்லு வாணாம் வாணாம்னுட்டு கடைசீல நீங்களே அம்பு வுட்டீங்களா சார்?" அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். டீ கொடுத்தார். நான் அதைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அவர் இன்னொரு டம்ளர் கொடுத்து, இந்தத் தடவை டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டார்.

மொட்டை

கோலை மரத்திலிருந்து பிடுங்கித் தர தோண்டிபா முன்வந்தார். வேண்டாம் என்றேன். கோல் இல்லாமல் டாஸ்ணியைக் கெட்டிக்க முடியாது. துப்பாக்கியைப் பாட்டீல் வீட்டு உத்தரத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன், லைசென்ஸையும் பழையபடி மாற்றி.

திரும்பி வரும் வழியில், ஜீப்பில், சுலோசனா என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை மலைகளில் ஏறுகிற காலேஜ் சங்கத்தில் சேர, தகப்பனார் கையெழுத்து. இரண்டு மாசமாக நான் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த காகிதம். பாறை, பாம்பு, வழுக்கல் என்று எனக்குப் பதினெட்டுக் காரணங்கள் இருந்தன.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள். காதர் பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் ஏறுகிறாள். நான் ஜன்னலண்டை உட்கார்ந்திருக்கிறேன்.

நான் துப்பாக்கியை விட்டதற்குத் திருத்தணி முருகனே காரணம் என்று ரஞ்சிதம் நம்புகிறாள். மஞ்சள் துணியில் முடிந்த வேண்டுதல் என்ன என்று போன மாசம்தான் சொன்னாள். நான் வேட்டையை விட்டால், நான் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டியிருக்கிறாள். ஊருக்குப் போக டிக்கெட் வாங்கியாயிற்று. சொந்தக்காரர்களுக்கெல்லாம் கடிதமும் போட்டுவிட்டாள். முடி போவதில் எனக்கு வருத்தமில்லை. போக அதிகம் இல்லை. சாமி முன்னால் பொய்க் காரணத்துக்குத் தலையைக் குனிய மனசு வரவில்லை. நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் ஸ்டவ் அணைந்ததா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ரஞ்சிதம், மதராஸிலிருந்து வரும் இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை காலையில் கிர்க்கி பஜாருக்கு வரும். லைனில் வேறு யாரும் வாங்குவதற்கு முன்னால் நீ வாங்கிவிடுவாய். நீ இதைப் படிக்கும்போது நான் ஆபீஸில் இருப்பேன். சுலோசனாவைத் திட்டாதே. நீ சொன்னபடி அவள் கண்ணை எடுக்காமல்தான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தரவை மீறியது நான். உன் வேண்டுதலும் வீண் போகவில்லை. நீ கேட்டதற்கு ஒரு சாண் அதிகமாகவே கிடைத்திருக்கிறது. மொட்டை போட்டுக்கொள்கிறேன், முழு மனசோடு.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சைக்கிளில் வருவேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் மூன்று தடவை தட்டுவேன். அதற்கு மேல் தட்ட மாட்டேன். படியில் உட்கார்ந்திருப்பேன்.